பாதியில் நின்ற ஆட்டத்தின் பணம் யாருக்கு?

மதகடிப்பட்டில் எங்கள் வீட்டு மாடியில் மாதம் ஒரு சனிக்கிழமை சீட்டு நடக்கும். ரம்மி இல்லை, போக்கர். ஆறு பேர், எல்லாரும் கல்லூரிக் காலத்து நண்பர்கள். ஆளுக்கு மாதம் 250 ரூபாய் உண்டியலில் போடுவோம். எட்டு மாதத்தில் 12,000 சேரும். புள்ளிப் பட்டியலில் முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் கடைசி நாளில் மோதுவார்கள். ஐந்து ஆட்டத்தில் மூன்று ஜெயிப்பவருக்கு மொத்தப் பணமும். இதுதான் விதி. இதற்கு மேல் எதுவும் எழுதி வைக்கவில்லை. அதுதான் தப்பு.

இறுதியில் நானும் திருபுவனை நண்பரும். நான் இரண்டு ஆட்டம், அவர் ஒன்று. நான்காவது ஆட்டத்துக்குச் சீட்டு கலைக்கும்போது அவருக்கு போன். அப்பாவுக்கு நெஞ்சு வலி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அப்பா பிழைத்துக்கொண்டார், ஆனால் படுக்கையில். இனி வருவதற்கில்லை என்று நண்பர் சொல்லிவிட்டார். மேசை மேல் 12,000 ரூபாய் அப்படியே இருந்தது.

"உன்கிட்டயே கொடுத்துடறேன்டா, செலவு இருக்கும்" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "மச்சான், எனக்கு எவ்ளோ வரணுமோ அதைக் கொடு. தர்மமெல்லாம் வேணாம்."

எவ்வளவு வரணும்? அன்றிரவு தேட உட்கார்ந்தேன். இந்தக் கேள்விக்கு ஐந்நூறு வருஷத்துக்கும் மேல் வயது என்று அப்போதுதான் தெரிந்தது.

1494-இல் இத்தாலியின் லூகா பாச்சோலி ஒரு கணிதப் புத்தகம் அச்சிட்டார். இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை முதன்முதலில் அச்சில் விளக்கிய புத்தகம் என்று வணிகவியல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். அதில் ஒரு பந்தாட்டக் கணக்கு. 60 புள்ளி எடுத்தால் வெற்றி. ஒரு அணி 50, இன்னொன்று 20 எடுத்திருக்கும்போது ஆட்டம் நின்றுவிடுகிறது. பந்தயப் பணத்தை எப்படிப் பிரிப்பது? பாச்சோலியின் பதில் 5-க்கு 2. எடுத்த புள்ளிக்குத் தகுந்த பங்கு.

இது நமக்கும் பழகிய முறைதான். 1150 வாக்கில் பாஸ்கரர் எழுதிய லீலாவதியில், 51, 68, 85 என்று முதல் போட்ட மூன்று வியாபாரிகள் 300-ஐப் பிரித்துக்கொள்ளும் கணக்கு வருகிறது. போட்ட முதலுக்கு ஏற்ப 75, 100, 125. கூட்டு வியாபாரத்துக்கு இது சரி. இதே முறையில் எங்கள் பணத்தைப் பிரித்தால் எனக்கு 8,000, அவருக்கு 4,000.

ஆனால் ஆட்டம் வியாபாரம் இல்லையே! 1556-இல் டார்டாலியா இதைத்தான் பிடித்தார். ஒரு அணி 10 புள்ளி, மற்றது பூஜ்யம் என்ற நிலையில் ஆட்டம் நின்றால், பாச்சோலி முறைப்படி 10 எடுத்தவருக்கே முழுப் பணமும் போய்விடும். அவர் ஜெயிக்க இன்னும் 50 புள்ளி பாக்கி இருக்கும்போது! டார்டாலியா தானும் ஒரு வழி சொன்னார். கூடவே, இது கணக்கை விட நியாயஸ்தலத்துக்குப் போக வேண்டிய வழக்கு, எப்படித் தீர்த்தாலும் சண்டை வரும் என்றும் சொல்லி வைத்தார்.

சரியான வழி கிடைக்க இன்னும் நூறு வருஷம் ஆனது. 1654-இல் டி மேரே என்ற பிரெஞ்சு சூதாட்டப் பிரியர் இதை பாஸ்கலிடம் கொண்டுபோனார். பாஸ்கல் என்ற பெயர் புதுச்சேரிப் பக்கத்தில் நமக்குப் பழக்கம், தெருவுக்கு ஒருவர் இருப்பார். என் போன்றவர்களுக்கு அது முதலில் ஒரு கணினி மொழி, பிறகுதான் மனிதர். பாஸ்கலும் துலூஸ் நகரத்து நீதிமன்ற அதிகாரியான ஃபெர்மாவும் அந்த வருஷம் கடிதத்திலேயே இதைத் தீர்த்தார்கள். நிகழ்தகவுக் கணிதத்தின் பிறப்பு என்று இன்று சொல்வது அந்தக் கடிதங்களைத்தான்.

ஜூலை 29 தேதியிட்ட கடிதத்தில் பாஸ்கல் எடுக்கும் உதாரணத்தைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மூன்று ஆட்டம் ஜெயிக்க வேண்டும். ஆளுக்கு 32 காசு, மொத்தம் 64. ஒருவர் இரண்டு, மற்றவர் ஒன்று. எங்கள் மேசையேதான்!

அவர் வாதம் இது. அடுத்த ஆட்டம் நடந்ததாக வைத்துக்கொள்வோம். முன்னிலையில் இருப்பவர் ஜெயித்தால் அவருக்கு 64. தோற்றால் இரண்டுக்கு இரண்டு சமம், ஆளுக்கு 32. ஆக, தோற்றாலும் 32 அவருக்கு உறுதி. மீதி 32-க்குத்தான் போட்டி, அதில் இருவருக்கும் சம வாய்ப்பு, பாதிப் பாதி. எனவே 48-க்கு 16.

ஃபெர்மா வேறு பாதையில் அதே இடத்துக்கு வந்தார். அதிகபட்சம் இரண்டு ஆட்டம் பாக்கி. நான்கு விதமாக முடியலாம். மூன்றில் முன்னிலைக்காரர் ஜெயிப்பார், ஒன்றில் மற்றவர். 3-க்கு 1.

எங்கள் குழுவில் ஒருவர் உடனே கேட்டார்: "முதல் ஆட்டத்துலயே நீ ஜெயிச்சிட்டா ரெண்டாவது ஆட்டமே கிடையாதே, அதை எப்படி எண்ணுவ?" இதையேதான் அன்று ரொபெர்வால் என்ற கணிதப் பேராசிரியரும் பாஸ்கலிடம் கேட்டார். முடிவு தெரிந்த பிறகும் சும்மா ஒரு ஆட்டம் ஆடினால் முடிவு மாறப்போவதில்லை, எண்ணுவதற்கு வசதியாக இருக்கும், அவ்வளவுதான். அதுதான் பதில்.

மூன்று பேருக்கு மேல், பல பரிசுகள் என்றால் கணக்கு கொஞ்சம் நீளும். குதிரைப் பந்தயத்துக்காக ஹார்வில் 1973-இல் எழுதிய சூத்திரத்தை ஒட்டிய ஒரு முறையை, மேசன் மால்முத் 1987-இல் போக்கருக்குக் கொண்டுவந்தார். மூவரிடம் வில்லைகள் 50, 30, 20 சதவீதம், பரிசுகள் 6,000, 3,600, 2,400 என்று வையுங்கள். அப்போதே கலைந்தால் பங்கு ஏறக்குறைய 4,607, 3,930, 3,463. பாதி வில்லை வைத்திருப்பவருக்குப் பாதிப் பணம் இல்லை. முதல் பரிசே 6,000-தான், அதுவும் இன்னும் கைக்கு வரவில்லை என்பதால்.

இங்கே ஒரு விஷயம் கவனித்தேன். பாச்சோலி பார்த்தது நடந்ததை. பாஸ்கல் பார்த்தது இனி நடக்கக்கூடியதை. இந்த வித்தியாசம் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புதுசு இல்லை. மதகடிப்பட்டு செவ்வாய்க்கிழமைச் சந்தையைத் தெரிந்தவர்களுக்கு மாட்டை வாரத்துக்கு விடுவது தெரியும். என் தாத்தா கிடாரிக் கன்று ஒன்றை இன்னொருவர் வீட்டில் வளர்க்க விடுவார். விற்கும்போது கன்றின் விலை போக மீதி பாதிப் பாதி. வளர்ப்பவரால் பாதியில் முடியாமல் போனால், இத்தனை கட்டு வைக்கோல் போட்டேன் என்று கணக்கு எடுக்க மாட்டார்கள். இன்றைக்குச் சந்தையில் என்ன போகும் என்று மதிப்புப் போடுவார்கள். சந்தைக்காரன் விலை கொடுப்பது தின்ற வைக்கோலுக்கு இல்லை, இனி கறக்கப்போகிற பாலுக்கு. பாஸ்கலை அறியாத தாத்தா பாஸ்கலின் பக்கம்தான் இருந்திருக்கிறார்.

பாஸ்கல் இன்னொன்றும் சொல்கிறார். பந்தயத்தில் வைத்த பணம் வைத்தவருக்குச் சொந்தமில்லை, அந்த உரிமையை அவர் விட்டுவிட்டார். பதிலுக்கு அவருக்குக் கிடைப்பது, முன்கூட்டி ஒப்புக்கொண்ட விதிப்படி வரக்கூடியதை எதிர்பார்க்கும் உரிமை. அதாவது கணக்குக்கு முன்னால் ஒப்பந்தம் இருக்க வேண்டும். எங்களிடம் அதுதான் இல்லை.

ஆகவே இந்த வருஷம் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தோம். ஆட்டம் நின்றால் பாஸ்கல் முறை. ஒரே ஆளுக்கு முழுப் பணம் கிடையாது, முதல் இரண்டு பேருக்கு 9,000, 3,000. இந்த 3-க்கு 1 நாங்களாகப் பிடித்தது இல்லை. முதல் பரிசும் இரண்டாம் பரிசும் எந்த விகிதத்தில் இருந்தால் நியாயம் என்று 1902-இல் பிரான்சிஸ் கால்டன் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். மூன்றாவது ஆளை விட முதல்வர் எவ்வளவு மேல், இரண்டாமவர் எவ்வளவு மேல் என்று பார்த்தால், போட்டியாளர் எண்ணிக்கை எப்படி இருந்தாலும் விகிதம் ஏறக்குறைய 3-க்கு 1 வருகிறது என்பது அவர் கண்டது.

மூன்றாவது விதி, வீட்டுக்காரனுக்குப் பங்கு கிடையாது. அர்த்தசாஸ்திரத்தில் சூதாட்ட அதிகாரி ஜெயித்த பணத்தில் நூற்றுக்கு ஐந்து எடுக்கிறார். ரம்மி திறமை ஆட்டம் என்ற 1968 தீர்ப்பிலேயே உச்ச நீதிமன்றம், இடம் கொடுப்பவர் ஆட்டத்தில் லாபம் பார்த்தால் கதை வேறு என்று சொல்லியிருக்கிறது. எங்கள் வீட்டில் டீயும் சுண்டலும் என் செலவு.

12,000 என்ன ஆனது? கணக்கைத் தாளில் போட்டு எடுத்துக்கொண்டு திருபுவனை போனேன். நண்பர் இரண்டு தடவை சரிபார்த்தார். "ரெண்டு ஆட்டமும் நானே ஜெயிக்கணும், நாலுல ஒண்ணு. சரிதான்" என்று 3,000-ஐ எண்ணி வாங்கிக்கொண்டார். கிளம்பும்போது வாசல் வரை வந்து, "மச்சான், ஒரு பத்தாயிரம் கைமாத்தா கிடைக்குமா, தை மாசம் தந்துடறேன்" என்றார்.

என்னிடம் இருந்த 9,000-த்தோடு ஆயிரம் சேர்த்துக் கொடுத்தேன். நான் ஏற்கனவே கொடுக்க நினைத்த பணம்தான் அது. ஆனால் முதல் நாள் நான் நீட்டியபோது அவரால் வாங்க முடியவில்லை. எது தன் பங்கு, எது உதவி என்று பிரித்துப் பார்த்த பிறகு அவராகவே கேட்க முடிந்தது. தை பிறந்து மூன்றாம் நாள் பணம் திரும்பி வந்தது. அடுத்த சனிக்கிழமை அவரும் வந்தார்.