லிஸ்டர்னு கேட்டா ராஜ்கோட்ல இருந்து வருது

தாராபுரம் பக்கம் எங்க தோட்டத்துல வீடு கட்டிக்கிட்டு இருக்கோம். அஸ்திவாரம் போடுற சமயத்துல எங்க மேஸ்திரிகிட்ட பழைய கான்கிரீட் மிக்சர் ஒண்ணு சும்மா கிடந்துச்சு. டிரம் நல்லா இருக்கு, இன்ஜின்தான் போயிடுச்சு. எங்க சாளையில அப்பாரு 1974-ல் வாங்கின ஆயில் இன்ஜின் ஒண்ணு தூசி படிஞ்சு கிடக்கு. ரெண்டையும் சேர்த்துட்டா என்னன்னு தோணுச்சு. அப்பாகிட்ட கேட்டேன். "காயலான் கடைக்குப் போடு"ன்னு எழுந்து போயிட்டார்.

அதுக்கான காரணத்தைப் பின்னாடி சொல்றேன். முதல்ல இன்ஜின் கதை.

அதோட பிளேட்ல 6 ஹெச்.பி., 650 ஆர்.பி.எம்.னு இருக்கு. கம்பெனி பேர் தேய்ஞ்சுபோச்சு. ஆனா எங்க வீட்டுல அதுக்கு எப்பவும் லிஸ்டர்னுதான் பேர். லிஸ்டர்ங்கறது ஒரு மனுஷனோட பேரு. ராபர்ட் ஆஷ்டன் லிஸ்டர், 1867-ல் இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயர்ல, டர்ஸ்லிங்கற சின்ன ஊர்ல பட்டறை தொடங்கினவர். விவசாயக் கருவி, பாலிலிருந்து கிரீம் பிரிக்கிற மெஷின்னு போன கம்பெனி, 1929-ல் சி.எஸ். என்ற டீசல் இன்ஜினைக் கொண்டுவந்தது. சி.எஸ்.னா கோல்ட் ஸ்டார்ட். அதுக்கு முன்னாடி இருந்த பல ஆயில் இன்ஜின்களுக்கு, ப்ளோ லாம்ப் வெச்சுத் தலையைப் பழுக்கக் காய்ச்சணும். இதுக்குக் கைப்பிடியைச் சுத்தினாலே போதும்.

சுத்தறதுக்கும் ஒரு முறை இருக்கு. சின்ன லீவரைத் தூக்கினா வால்வு திறந்தே நிக்கும், உள்ளே அழுத்தம் சேராது. ரெண்டு பெரிய ஃப்ளைவீலும் வேகம் பிடிச்சதும் லீவரை விடணும். டக்... டக்... டக். 650 சுத்துல பாதி சுத்துக்குத்தான் வெடிப்பு, அதாவது விநாடிக்கு அஞ்சு சொச்சம். எண்ணவே முடியும்.

இதுக்கு முன்னாடி வந்தது 5 குதிரைசக்தி, 600 சுத்து. அப்புறம்தான் 6, 650. மெதுவா ஓடுறதால தேய்மானம் குறைவு. எங்க இன்ஜின்ல ஆயில் பம்ப் கிடையாது. கனெக்டிங் ராட் அடியில இருக்கிற சின்னக் கரண்டி எண்ணெயை வாரி அடிக்கும். தண்ணி பம்பும் கிடையாது. பக்கத்துல ஒரு டிரம் தண்ணி, சூடானது மேலே ஏறும், குளிர்ந்தது கீழே வரும், அவ்ளோதான். பக்கவாட்டு மூடியைக் கழட்டினா கையை விட்டு பேரிங்கைத் தொடலாம். கரண்ட் வராத பண்ணைக்காகச் செஞ்ச மெஷின் இது. (ஸ்டார்ட்-ஓ-மேட்டிக்னு ஒரு லிஸ்டர் செட் இருந்துச்சு. வீட்டுல பல்பைப் போட்டா கொட்டகையில இன்ஜின் தானா ஸ்டார்ட் ஆகும், கடைசி பல்பை அணைச்சா நின்னுடும். ஸ்மார்ட் ஹோம்னு நாம பீத்திக்கிறோம்.)

டர்ஸ்லியில இதோட உற்பத்தி 1987-ல் நின்னுபோச்சு. ஆனா குஜராத்தின் ராஜ்கோட் பட்டறைகள் அதே டிசைனைக் காப்பியடிச்சு ஓட்டிக்கிட்டு இருந்தாங்க. எங்க பாஷையில சொன்னா, ஒரிஜினல் ரெப்போவை மூடிட்டாங்க, ஃபோர்க் உயிரோட இருக்கு. காப்பியைக் கேவலமா பேசுறவங்க இருக்காங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. கோயம்புத்தூர்ல ஒரு கடையில "லிஸ்டர் ஆறு ஹெச்.பி. ரிங் செட்"னு கேட்டேன். பிராண்ட் என்னன்னுகூடக் கேட்காம, ராஜ்கோட் சரக்கை எடுத்துப் போட்டார். நாலரை இஞ்ச் போர், அஞ்சரை இஞ்ச் ஸ்ட்ரோக், உலகத்துக்கே ஒரே கணக்கு. அச்சு அசலா பொருந்தலதான், ரிங் முனையை அரம் போட்டு ராவ வேண்டியிருந்துச்சு.

ரிப்பேர் பார்த்தது பக்கத்து ஊர்ல ஓய்வுல இருந்த ஒரு மெக்கானிக் அண்ணன். பிஸ்டன் இறுகிப்போயிருந்துச்சு. மண்ணெண்ணெய் ஊத்தி நாலு நாள் ஊறவெச்சு, மரக்கட்டை வெச்சுத் தட்டினார். நாசில் மாத்தினோம். மிக்சரோட பழைய இன்ஜின் 1500 சுத்து, எங்களுது 650. அதனால லேத்துல ரெண்டே கால் மடங்குக்குக் கொஞ்சம் கூடுதலா பெரிய புல்லி கடைஞ்சோம். மெக்கானிக்கல் படிச்ச நாலு வருஷத்துல எனக்கு உபயோகப்பட்ட ஒரே வகுத்தல் கணக்கு. ஆன செலவுக்கு மிக்சரை நாலு தடவை வாடகைக்கு எடுத்திருக்கலாம், அதையும் சொல்லிடறேன்.

இப்போ அப்பா விஷயம். இந்த இன்ஜின் வர்ற வரைக்கும் அப்பாரு கவலைதான் ஓட்டினார், மாடு கட்டித் தண்ணி இறைக்கிறது. இன்ஜின் வந்ததும் மாட்டுக்கு ஓய்வு, பையனுக்கு வேலை. தினமும் பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடி அப்பாதான் சுத்திவிடணும். 1978-ல், அவருக்குப் பன்னெண்டு வயசு. இன்ஜின் பிடிச்ச அப்புறம் கைப்பிடி கழன்று வரல, கூடவே சுத்தி மணிக்கட்டை உடைச்சிடுச்சு. அந்த வருஷம் முழுப் பரீட்சை எழுதல. இன்னைக்கும் அவர் இடது கையை முழுசா மடக்க மாட்டார். 1990-ல் விவசாயத்துக்கு எல்லாருக்கும் இலவச மின்சாரம் வந்தப்போ, எங்க வீட்டுல அதிகம் சந்தோஷப்பட்டவர் அவர்தான்.

கைப்பிடியை மெக்கானிக்கிட்ட காட்டினேன். உள் துளையில பள்ளம் விழுந்து பிசிறு நின்னுச்சு. "இது அப்பவே மாத்தியிருக்கணுங்க"ன்னார். ஒரு சின்ன புஷ். அதை அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. புதுசா ஒண்ணு கடைஞ்சு வாங்கிட்டேன், பழசை வண்டியிலேயே வெச்சிருக்கேன்.

கான்கிரீட் போட்ட அன்னைக்கு மெக்கானிக் அண்ணன்தான் சுத்தினார். ரெண்டாவது தடவையில பிடிச்சுக்கிச்சு. அப்பா வேப்பமரத்தடியில சேர் போட்டு, திரும்பி உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் கடைசி லோடு இறங்கினதும் மேஸ்திரி, "இதை எப்படிங்க நிறுத்தறது?"ன்னு கேட்டார். மெக்கானிக் டீ குடிக்கப் போயிட்டார், எனக்கும் சட்டுனு கை ஓடல. அப்பா எழுந்து வந்தார். டீசல் பம்ப் பக்கத்துல ஒரு கம்பியை விரலால தள்ளிப் பிடிச்சுக்கிட்டு நின்னார், சக்கரம் முழுசா அடங்குற வரைக்கும்.

"டிரம்ல தண்ணி மாத்துங்க, பாசி பிடிக்கும்"னு மேஸ்திரிகிட்ட சொல்லிட்டுப் போனார்.