செவியா, கிவியா... எது பழசு? எழுதி வைக்காத மூல மொழியைக் கண்டுபிடிப்பது எப்படி?

குமரி மாவட்ட எல்லையான களியக்காவிளையில் தமிழும் மலையாளமும் சேர்ந்தே காதில் விழும். தமிழில் 'வந்து', 'தந்து' என்றால் மலையாளத்தில் 'வந்நு', 'தந்நு'. ஒலிகள் இப்படி ஒழுங்காக மாறுவதுதான் மொழியியலாளர்களுக்கு முதல் துப்பு.

தமிழிலிருந்து கன்னடம் பிறந்தது என நடிகர் கமல்ஹாசன் 2025 மே மாதம் பேச, 'தக் லைஃப்' படத்தின் கர்நாடக ரிலீஸே நின்றுபோனது. இந்தக் கேள்விக்கு மொழியியல் எப்படி விடை தேடுகிறது?

எந்தச் சொற்களை எடுப்பார்கள்?

ஜன்னல், மேசை இரண்டும் தமிழிலும் இருக்கு, மலையாளத்திலும் இருக்கு. ஆனால் இரண்டுமே போர்ச்சுகீசியர் கொண்டுவந்தவை. கடன் சொல்லை வைத்து உறவு சொல்ல முடியாது. அதனால் உடல் உறுப்பு, எண், 'நான்', 'நீ' போன்ற அடிப்படைச் சொற்களையே முதலில் ஒப்பிடுவார்கள்.

மூல ஒலி எது?

தமிழ், மலையாளம், தெலுங்கில் 'செவி'. கன்னடத்தில் 'கிவி', துளுவில் 'கெபி'. நம்ம 'சிறு' அங்கே 'கிரு', சிவப்பு 'கெம்பு'. இ, எ ஒலிகளுக்கு முன் 'க' என்பது 'ச' ஆவது உலகம் முழுக்க நடப்பது. லத்தீன் இத்தாலியாக மாறியபோதும் இதேதான் நடந்தது. எனவே மூலம் 'கெவி' என்று முடிவு செய்கிறார்கள்.

அப்போ 'கிளி', 'கேள்' ஏன் மாறல? பின்னால் ட, ண, ள, ழ வந்தால் தமிழில் 'க' அப்படியே நின்றுவிட்டது. விதிவிலக்குக்கும் ஒரு விதி உண்டு.

யார் மூத்தவர்?

'செவி'யில் பழைய ஒலியைக் காத்தது கன்னடம். 'பால்' என்பதில் காத்தது தமிழ். கன்னடத்தில் அது 'ஹாலு' ஆனது. ஆக, இன்றைய தமிழிலிருந்து கன்னடம் பிறக்கவில்லை. இரண்டுக்கும் பொதுவான தாய் ஒன்று இருந்தது. அதுதான் மூலத் திராவிடம்.

இந்த ஒப்பீட்டை 1816-ல் எல்லிஸ் தொடங்கினார். குமரிக்குப் பக்கத்தில், நெல்லை மாவட்டம் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856-ல் ஒப்பிலக்கணமாக வெளியிட்டார். பர்ரோ, எமனோ தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி 1961-ல் வந்தது. திராவிடக் குடும்பத்தின் வயது சுமார் 4,500 ஆண்டுகள் என 2018-ல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது.

நட்சத்திரக் குறி எதற்கு?

மீட்ட சொல்லுக்கு முன்னால் * போடுவார்கள்: *கெவி. கல்வெட்டிலோ ஓலையிலோ கிடைத்த சொல் அல்ல, கணித்த சொல் என்று அர்த்தம். புதிய சான்று வந்தால் அதுவும் மாறும்.