7 ஆல்பங்கள், 7 அணிகள், ஒரே சக்

போன வாரம் இங்கிலாந்தின் வெனம் குழுவோடு நிறுத்தியிருந்தோம். அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் மேடைக்காக வைத்துக்கொண்ட பெயர் மேன்டஸ். 1983-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோவை ஒட்டிய ஆல்டமான்ட் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் மூன்று பையன்கள் அதே பெயரில் ஒரு குழு தொடங்கினார்கள். சக் ஷுல்டினரும் ரிக் ராஸும் கிட்டார். காம் லீ டிரம்ஸ் அடித்தபடியே பாடுவார். சக்குக்கு அப்போது 16 வயது. அடுத்த ஆண்டே குழுவின் பெயர் ‘டெத்’ என்று மாறியது. ‘டெத் மெட்டல்’ என்ற இசை வகையைப் பேசும் யாரும் இந்தக் குழுவைத் தொடாமல் போக முடியாது.

ஒரு குழுவில் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தால், உள்ளே ஏதோ சரியில்லை என்றுதான் நினைப்போம். டெத் வெளியிட்ட ஆல்பங்கள் 7. அதில் எந்த இரண்டிலும் ஒரே அணி வாசிக்கவில்லை. எல்லாவற்றிலும் இருப்பவர் சக் ஒருவர்தான். இதை வைத்து அவரைச் சர்வாதிகாரி என்றவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. 1990 வரை ஆட்கள் மாறியது அவருக்கு நேர்ந்த சோதனை. அதற்குப் பிறகு ஆட்களை மாற்றுவதையே அவர் இசையமைக்கும் முறையாக்கிக்கொண்டார். இந்த வித்தியாசம் தெரிந்தால்தான் இந்தக் குழுவின் கதை புரியும்.

சக் நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் 1967 மே 13-ல் பிறந்தவர். சின்ன வயதிலேயே குடும்பம் ஃபுளோரிடாவுக்குக் குடிபெயர்ந்தது. 9 வயதில், அண்ணன் ஃபிராங்கை ஒரு கார் விபத்தில் பறிகொடுத்தார். அந்தத் துக்கத்திலிருந்து பிள்ளையை மீட்பதற்காகப் பெற்றோர் வாங்கிக் கொடுத்ததுதான் கிட்டார். முறையான வகுப்பு ஒரு வருடம்கூட ஓடவில்லை. பாலர் பாட்டு வாசிக்கச் சொன்னது பையனுக்குப் பிடிக்கவில்லை. பிறகு, பழைய சாமான் விற்ற ஒரு வீட்டு வாசலில் கிடைத்த எலெக்ட்ரிக் கிட்டாரைத் தானே தட்டுத் தடுமாறிப் பழகிக்கொண்டார்.

இப்படிப்பட்ட ஒரு பையனின் சத்தம் ஊரைத் தாண்டிப் போனது எப்படி? கேசட் வழியாகத்தான். கார் ஷெட்டில் ஒத்திகை நடக்கும்போதே ஒரு சாதாரண டேப் ரெக்கார்டரை ஓடவிடுவார்கள். அதைப் பிரதியெடுத்து, தபாலில் நண்பர்களுக்கு அனுப்புவார்கள். வாங்கியவர் இன்னொரு பிரதி போட்டு, தன்னிடம் உள்ள வேறு குழுவின் கேசட்டுக்கு மாற்றிக்கொள்வார். பிரதி ஏற ஏற இரைச்சலும் ஏறும். நாலாவது, ஐந்தாவது பிரதியில் டிரம்ஸ் எது, கிட்டார் எது என்றே பிரித்தறிய முடியாது. அப்படியும் கேட்டார்கள். கையால் தட்டச்சு செய்து நகலெடுத்த ரசிகர் பத்திரிகைகளில் அதைப் பற்றி எழுதினார்கள். ‘டெத் பை மெட்டல்’, ‘ரெய்ன் ஆஃப் டெரர்’, ‘இன்ஃபெர்னல் டெத்’ என்று அடுத்தடுத்து வந்த டெமோக்கள், எந்த கம்பெனியும் கை வைக்காமலே கடல் கடந்தன.

ஆனால், பெயர் பரவிய அளவுக்குக் குழு நிலைக்கவில்லை. 1985-ல் ரிக் ராஸ் வெளியேற்றப்பட்டார். கேசட் பரிமாற்றத்தில் அறிமுகமான ஸ்காட் கார்ல்சன், மேட் ஒலிவோ என்ற இருவர் மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரிலிருந்து ஃபுளோரிடாவுக்கே வந்து சேர்ந்தார்கள். அதுவும் ஒட்டவில்லை. ஊர் திரும்பிய அந்த இருவரின் குழுதான் பின்னாளில் ‘ரிபல்ஷன்’ என்று பெயர் பெற்றது. காம் லீயும் விலகினார். சக் தனியாக சான் ஃபிரான்சிஸ்கோ போனார். டி.ஆர்.ஐ. குழுவில் இருந்த டிரம்ஸ் கலைஞர் எரிக் பிரெக்டுடன் முயன்று பார்த்தார், சரிவரவில்லை. ஊருக்குத் திரும்பினார். 1986 தொடக்கத்தில் கனடாவின் டொரொன்டோவுக்குப் போய் ‘ஸ்லாட்டர்’ குழுவில் சேர்ந்தார். அங்கும் மனம் பொருந்தாமல் கொஞ்ச நாளிலேயே கிளம்பிவிட்டார். படிப்பையும் பாதியில் விட்டாயிற்று, கையில் குழுவும் இல்லை. ஒவ்வொரு முறையும் போய் நின்றது பெற்றோர் வீட்டு வாசலில்தான். பிள்ளையின் பக்கம் நின்ற அந்தக் குடும்பத்தையும் இந்த இசையின் வரலாற்றில் சேர்த்தே எழுத வேண்டும்.

மறுபடி கலிஃபோர்னியா. இந்த முறை கிடைத்தவர் கிறிஸ் ரைஃபர்ட், 17 வயது டிரம்ஸ் கலைஞர். இருவராக ‘மியூட்டிலேஷன்’ என்ற டெமோவைப் பதிந்தார்கள். காம்பாட் ரெக்கார்ட்ஸ் ஒப்பந்தம் போட்டது. முதல் ஆல்பத்தை ஃபுளோரிடாவில் பதியத் தொடங்கியபோது ஒலி கம்பெனிக்குத் திருப்தி தரவில்லை. லாஸ் ஏஞ்சலீஸில் தயாரிப்பாளர் ராண்டி பர்ன்ஸிடம் புதிதாகப் பதிந்தார்கள். கிட்டார், பேஸ், பாட்டு எல்லாம் சக். டிரம்ஸ் மட்டும் ரைஃபர்ட். 1987-ல் வெளிவந்த ‘ஸ்கிரீம் பிளடி கோர்’ இப்படி இரண்டே பேர் வாசித்தது. திகில் படக் கதைகளும், தொண்டையின் அடியிலிருந்து எழும் உறுமலும், மூச்சுவிட இடம் தராத வேகமும் அதில் உண்டு. டெத் மெட்டலின் முதல் ஆல்பங்களில் ஒன்றாக இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள்.

சக் ஃபுளோரிடா திரும்ப முடிவு செய்தார். ரைஃபர்ட் கலிஃபோர்னியாவிலேயே தங்கி ‘ஆட்டாப்ஸி’ குழுவைத் தொடங்கினார். ஊரில் பழைய நண்பர் ரிக் ராஸ் இருந்த ‘மாசகர்’ குழுவிலிருந்து அவரும், பேஸ் வாசித்த டெரி பட்லரும், டிரம்ஸ் அடித்த பில் ஆண்ட்ரூஸும் வந்தார்கள். டாம்பா நகரின் மாரிசவுண்ட் ஸ்டூடியோவில் ‘லெப்ரசி’ உருவாகி 1988-ல் வெளிவந்தது. அதன் பிறகு அந்த ஸ்டூடியோவைத் தேடி டெத் மெட்டல் குழுக்கள் பல ஊர்களிலிருந்தும் வரத் தொடங்கின.

அடுத்து மறுபடியும் ராஸ் வெளியே, ஜேம்ஸ் மர்ஃபி உள்ளே. மர்ஃபியின் கிட்டாரில் மெலடி இருந்தது. 1990-ல் வந்த ‘ஸ்பிரிச்சுவல் ஹீலிங்’ ஆல்பத்தில் சக்கும் பிணங்களை விட்டுவிட்டு மனிதர்களைப் பற்றி எழுதினார். போதைக்கு அடிமையான தாய்க்குப் பிறக்கும் குழந்தை, கருக்கலைப்பு, நோய் தீர்ப்பதாகச் சொல்லும் போலிப் பிரசங்கிகள் எல்லாம் பாட்டுக்குள் வந்தன. மர்ஃபி அந்த ஒரு ஆல்பத்தோடு விலகிவிட்டார்.

அந்த ஆண்டு நடந்ததுதான் திருப்பம். ஜெர்மனியின் கிரியேட்டர் குழுவோடு ஐரோப்பியப் பயணம் உறுதியாகியிருந்தது. ஏற்பாடுகள் சரியில்லை என்று கடைசி நேரத்தில் சக் வர மறுத்துவிட்டார். ஒத்துக்கொண்ட கச்சேரிகளை விட முடியாது என்று பட்லரும் ஆண்ட்ரூஸும், கூடமாட வேலை பார்த்த இரண்டு ஆட்களைப் பாடவும் கிட்டார் வாசிக்கவும் வைத்து, டெத் என்ற பெயரிலேயே மேடையேறினார்கள். சக் இல்லாத டெத்! டிக்கெட் வாங்கிய ரசிகனின் இடத்தில் நின்று பார்த்தால் சக் செய்தது தவறுதான். அவருடைய பெயர் ஐரோப்பாவில் கெட்டதும் உண்மை. ஆனாலும், தன் பாட்டுகளைத் தானில்லாமல் தன் பெயரில் விற்கிறார்கள் என்ற செய்தி அவரை என்ன பாடு படுத்தியிருக்கும்! இருவரையும் நீக்கினார். இனி நிரந்தர அணி என்று ஒன்று வேண்டாம், ஒவ்வொரு ஆல்பத்துக்கும் பொருத்தமானவர்களை அழைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தார்.

அந்த முடிவின் முதல் பலன், 1991-ல் வந்த ‘ஹ்யூமன்’. மயாமியின் சைனிக் குழுவிலிருந்து கிட்டாருக்கு பால் மாஸ்விடல், டிரம்ஸுக்கு ஷான் ரைனர்ட். கலிஃபோர்னியாவின் சேடஸ் குழுவிலிருந்து பேஸுக்கு ஸ்டீவ் டிஜார்ஜியோ. ரைனர்ட்டுக்கு 20 வயதுதான். ஜாஸ் கேட்டு வளர்ந்த கை அது. இரண்டு கால்களும் இடைவிடாமல் அடிக்கும்போதே கைகள் சிம்பலில் வேறொரு கணக்கைச் சொல்லிக்கொண்டிருக்கும். ‘லாக் ஆஃப் காம்ப்ரிஹென்ஷன்’ பாட்டைக் கேளுங்கள். தொடக்கத்தில் கிட்டார் மென்மையாக இழையும்; கோபமே தெரியாது. பிறகு மொத்த எடையும் ஒரேயடியாக வந்து விழும். அந்த எடைக்குள்ளும் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் காதில் விழும். வேகம் மட்டுமே பேசிய இசைக்கு யோசிக்கவும் தெரியும் என்று காட்டிய ஆல்பம் இது. பேஸ் அமுங்கிக் கிடப்பது ஒன்றுதான் எனக்குக் குறை. அடுத்த ஆல்பத்தில் அந்தக் குறையும் தீர்ந்தது.

அந்த ஆல்பம் 1993-ன் ‘இண்டிவிஜுவல் தாட் பேட்டர்ன்ஸ்’. மாஸ்விடலும் ரைனர்ட்டும் சைனிக்குக்குத் திரும்பியிருந்தார்கள். கிங் டைமண்ட் குழுவின் ஆண்டி லாராக், டார்க் ஏஞ்சலின் ஜீன் ஹோக்லன் இருவரும் சேர்ந்தார்கள். தாளம் இம்மியும் பிசகாததால் ஹோக்லனுக்கு ‘அணுக் கடிகாரம்’ என்றே பட்டப்பெயர். டிஜார்ஜியோவின் பேஸ் இதில் பாட்டை வழிநடத்துகிறது. 1995-ல் ‘சிம்பாலிக்’, ஹோக்லனைத் தக்கவைத்துக்கொண்டு பாபி கோல்பிள், கெல்லி கான்லன் என்று இரண்டு புதியவர்கள். இதற்குப் பிறகு டெத்தை நிறுத்திவிட்டு, உறுமல் இல்லாமல் முழுக்குரலில் பாடும் ‘கன்ட்ரோல் டினைட்’ குழுவில் இறங்கினார் சக். இன்னொரு டெத் ஆல்பம் தந்துவிட்டுப் போ என்றது நியூக்ளியர் பிளாஸ்ட் கம்பெனி. ரிச்சர்ட் கிறிஸ்டி, ஷானன் ஹாம், ஸ்காட் கிளெண்டெனின் ஆகியோரோடு 1998-ல் ‘தி சவுண்ட் ஆஃப் பெர்சிவியரன்ஸ்’ வந்தது. அதுவே கடைசி.

1999 மே 13, அவருடைய 32-வது பிறந்தநாள். அன்றுதான் மூளைத்தண்டில் கட்டி இருப்பது தெரியவந்தது. மருத்துவச் செலவு குடும்பத்தின் சக்திக்கு மீறியது. ஒரு காலத்தில் கேசட்டைத் தபாலில் அனுப்பிய அதே உலகம் கச்சேரி நடத்திப் பணம் திரட்டியது. 2001 டிசம்பர் 13 அன்று, 34 வயதில் சக் காலமானார்.

புதிதாகக் கேட்கப் போகிறவர்கள் முதலில் ‘லெப்ரசி’யையும், அடுத்து ‘ஹ்யூமன்’ ஆல்பத்தையும் ஒரே மூச்சில் கேளுங்கள். இரண்டுக்கும் நடுவே மூன்றே வருடம்தான். ஆட்கள் மாறியதால் இந்த இசை என்ன பெற்றது என்பதை உங்கள் காதே சொல்லிவிடும்.

(தொடரும்)