கணநேர விருந்தினன் காட்டிய உண்மை

மூர்த்தி சிறிதெனினும் கீர்த்தி பெரிது என்பர். குறைகடத்தி இயலில் இம்மொழிக்குத் தக்க சான்று மியூவோனியமாகும்.

தூய்மையே குறைகடத்தியின் உயிர். கோடி சிலிக்கன் அணுக்களிடையே ஓர் அயலணு புகினும் படிகத்தின் மின்னியல்பு மாறக்கூடும். அயலணுக்களுள் மிகச் சிறியது ஹைட்ரஜன். போரான் கலந்த சிலிக்கனுள் அது புகுந்து, போரானின் மின்வினையை முடக்கிவிடுவதை 1983இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டனர். ஆயினும் தனித்த ஹைட்ரஜன் அணு படிகத்தில் எங்கே தங்குகிறது? விரைந்தோடிப் பிற அணுக்களோடு கூடிவிடும் அதனைக் காண்பது அரிதாயிற்று.

இவ்விடர் நீங்கத் துணைநின்ற மியூவானை 1936இல் ஆண்டர்சனும் நெடர்மேயரும் விண்கதிர்களில் கண்டனர். நேர்மின் மியூவான் ஓர் எலெக்ட்ரானைச் சேர்த்துக்கொண்டு, ஹைட்ரஜனையொத்த மியூவோனியம் ஆவதை 1960இல் ஹியூஸ் குழுவினர் மெய்ப்பித்தனர். அதன் பொருண்மை ஹைட்ரஜனில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு; சராசரி ஆயுளோ நொடியின் பத்து இலட்சத்தில் 2.2 பங்கே. எனினும், மியூவான் மடியும்போது வெளிப்படும் பாசிட்ரான், அதன் தற்சுழற்சி நோக்கிய திசையை உணர்த்திச் செல்லும். அதனைக் கொண்டு மியூவான் தங்கிய சூழலை அறியலாம்.

1973இல் பெர்க்கிலியில் நிகழ்ந்த சோதனை, சிலிக்கனுள் இருவகை மியூவோனியம் உண்டெனக் காட்டியது. ஒன்று அணுக்களிடை வெளியில் உலவுவது. மற்றது எங்குள்ளதென்பது நெடுநாள் புதிராயிருந்தது. இரு சிலிக்கன் அணுக்களின் பிணைப்புக்கு நடுவே அது அமர்ந்துள்ளதென 1986இல் காக்ஸும் சைமன்ஸும் முன்மொழிந்தனர்; 1988இல் கீஃபில் குழுவினரின் ஆய்வு அதனை உறுதிசெய்தது. ஹைட்ரஜனும் அவ்விடத்தை நாடுவது வேறு சோதனைகளால் தெளிவாயிற்று.

இவ்வாராய்ச்சி வீண்முயற்சியன்று. காலியம் நைட்ரைடில் கலந்த மக்னீசியத்தை ஹைட்ரஜன் பிணித்திருந்ததே நீல ஒளி விளக்குக்கு நெடுங்காலம் தடையாயிருந்த காரணங்களுள் ஒன்று. 1989இல் அகசாகியும் அமானோவும் எலெக்ட்ரான் கற்றையால் அத்தடையைக் கடந்தனர். 1992இல் நகமுரா வெப்பமூட்டி ஹைட்ரஜனை விலக்கினார். மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிட்டியது. துத்தநாக ஆக்சைடிலோ ஹைட்ரஜன் மின்கடத்தலைப் பெருக்கும் என 2000இல் வான் டி வல் கணித்தார். மறு ஆண்டே மியூவோனியச் சோதனை அதற்குச் சான்று பகர்ந்தது.

ஒரே அணு ஓரிடத்தில் தடையாகவும் மற்றோரிடத்தில் துணையாகவும் நிற்கின்றது. அதன் இயல்பை அறியாதவரைக் குறைகடத்தியைப் படைப்போன் இருளிலேயே உழல்வான். அவ்விருளில் விளக்கேந்தியது, கண்ணிமைக்கும் நேரமும் வாழாத ஓர் அணு என்பது மாணவர் நெஞ்சிற் கொள்ளத்தக்கது.