சிரியாக்ஸின் கிழிசல்: டென்னிஸ் முழங்கைச் சிகிச்சை வரலாற்றில் ஒரு மறுவாசிப்பு

டென்னிஸ் முழங்கைக்கான இயன்முறைச் சிகிச்சையின் வரலாறு பெரும்பாலும் ஜேம்ஸ் சிரியாக்ஸிடமிருந்தே எழுதப்படுகிறது. அதில் நியாயமுண்டு. லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பணியாற்றிய அவர் 1936இல் வெளியிட்ட கட்டுரைதான், 1873இல் ரூங்கே எழுதியது தொடங்கி அதுவரை சேர்ந்துபோயிருந்த முரணான விளக்கங்களை ஒழுங்குபடுத்தியது. வலியின் இருப்பிடம், மணிக்கட்டைப் புறங்கைப் பக்கமாக நிமிர்த்தும் குறுந்தசையின் நாண் முழங்கையின் வெளிப்புற எலும்பு முனையில் பற்றும் இடமே என்றார் அவர். இருப்பிடத்தைப் பற்றி எனக்கு வழக்கில்லை. அங்கே நடப்பதாக அவர் சொன்னதை ஏற்பதில்தான் தயக்கம்.

சிரியாக்ஸின் வாதம் இது. நாணின் பற்றிடத்தில் சிறு கிழிசல் ஏற்படுகிறது. அது தழும்பாக ஆறத் தொடங்கும்போது, கையின் அன்றாட வேலை அதை மறுபடி இழுத்துப் பிரிக்கிறது. ஆறுவதும் பிரிவதுமாக வலி நீடிக்கிறது. இதற்கு அவர் வகுத்த சிகிச்சை ஆழ்ந்த குறுக்கு உராய்வு. நோயாளியின் முழங்கையைச் செங்கோணத்தில் மடக்கி, உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பி, பெருவிரல் நுனியை எலும்பு முனையின் முன்பக்கத்தில் ஊன்றி, நாணின் இழைகளுக்குக் குறுக்காகத் தேய்க்க வேண்டும். தோல்மேல் விரல் வழுக்கக் கூடாது. தோலும் விரலும் ஒன்றாக அசைய வேண்டும். அதையடுத்து மில்ஸ் 1928இல் எழுதிய கையாளல்: மணிக்கட்டை மடக்கி, முன்கையை உட்புறமாகத் திருப்பிய நிலையில், முழங்கையை ஒரே வெட்டில் நீட்டிவிடுவது.

அந்த வெட்டு எதற்கு? 'வி' வடிவக் கிழிசலை 'யு' வடிவமாக விரித்துவிட்டால் இரு ஓரங்களும் ஒன்றையொன்று இழுக்காது, இடைவெளி தளர்வாக நிரம்பும் என்பது அவர் பாடநூலின் விளக்கம். மருந்தோ மருத்துவரோ இல்லாமலே இந்நோய் பெரும்பாலும் 8 முதல் 12 மாதங்களில் தணிந்துவிடும் என்பதையும் அவரே பதிவுசெய்திருக்கிறார். கிழிசல் தானாக விரிந்துவிடுவதாலேயே அப்படித் தணிகிறது என்றும், கையாளல் அந்த இயற்கையை விரைவுபடுத்துகிறது என்றும் கொண்டார்.

அவருடைய மிகக் கூர்மையான கவனிப்பு இதுதான். அவர் வாதத்தின் பலவீனமும் இங்கேதான் இருக்கிறது. தானாக ஆறும் நோயில், தேய்த்தபின் ஆறியவர்களை மட்டும் பார்த்து உராய்வின் பலனைச் சொல்லிவிட முடியாது. தேய்க்கப்படாதவர்களை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஒப்பீட்டுக்கான தேவையைத் தானே எழுதிவைத்தும் அவர் அதைச் செய்யவில்லை. தற்செயல் பங்கீட்டுச் சோதனைகள் வழக்கத்துக்கு வராத காலம் அது என்று சொல்லலாம். ஆனால் அவருக்குப் பின் வந்தவர்களும் பல பத்தாண்டுகள் உராய்வை ஐயமின்றிக் கற்பித்தது அந்தச் சமாதானத்துக்குள் அடங்காது.

1979இல் நிர்ஷலும் பெட்ரோனும் அறுவையில் எடுத்த திசுவை நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்னது கிழிசல் கொள்கையை வீழ்த்திவிட்டதாக அடிக்கடி எழுதப்படுகிறது. ஒழுங்கு குலைந்த கொலாஜனும் புது ரத்தக்குழாய்களும் அங்கே இருந்தன. அழற்சி உயிரணுக்கள் அரிதாகவே இருந்தன. ஆனால் அவர்களிடம் வந்த 1,213 பேரில் அறுவைக்குச் சென்றவை 88 முழங்கைகள் மட்டுமே. ஏறத்தாழ 7 விழுக்காடு. மற்றெல்லாச் சிகிச்சைக்கும் மசியாத முற்றிய நாண்களைத்தான் அவர்கள் கண்டார்கள். முதல் மாதத்து நாணில் சிரியாக்ஸ் சொன்ன கிழிசல் இல்லையென்று இதைக் கொண்டு சாதிக்க முடியாது. நுண்ணோக்கி அவரை மறுத்தது என்பதைவிட, அவர் விட்டுச்சென்ற கேள்வியைத் தொடவில்லை என்பதே சரி.

அதைத் தொட்டது நெதர்லாந்து. வெர்ஹார் குழுவினர் 1996இல் 106 பேரிடம் சிரியாக்ஸ் முறையை ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்டனர். ஆறாவது வாரத்தில் ஊசி தெளிவாக முந்தியது. ஓராண்டில் வேறுபாடு மறைந்தது. 2002இல் ஸ்மிட் குழு 185 பேரை மூன்றாகப் பிரித்தபோது, ஒரு பிரிவினருக்குக் காத்திருப்பு மட்டுமே. ஆறாவது வாரத்தில் வெற்றி, ஊசிக்கு 92, இயன்முறைக்கு 47, காத்திருப்புக்கு 32 விழுக்காடு. 52ஆவது வாரத்தில் ஊசி கடைசிக்குப் போனது: ஊசி 69, இயன்முறை 91, காத்திருப்பு 83.

இந்த 91ஐ உராய்வின் கணக்கில் எழுதுவோர் உண்டு. ஸ்மிட்டின் இயன்முறைப் பிரிவு ஒன்பது அமர்வுகளைக் கொண்டது. அவற்றில் துடிப்பு அல்ட்ராசவுண்டும் உராய்வும் பயிற்சியும் கலந்திருந்தன. உராய்வின் பங்கை மட்டும் அதிலிருந்து பிரித்தெடுக்க வழியில்லை. காத்திருப்பு 83இல் நிற்கையில், அந்தச் சிறு இடைவெளியை மூன்றுக்கும் பங்கிடுவது வெறும் ஊகம்.

உராய்வின் இடத்தைப் பின்னர் பிடித்த சுமைப் பயிற்சியின் வரவுக்கு ஒற்றை ஆண்டு குறிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கனடாவில் ஸ்டானிஷ், கர்வின் குழுவினர் 1986இல், தசை நீளும்போதே சுமை தாங்கவைக்கும் எக்சென்ட்ரிக் பயிற்சியை நாண் நோய்களுக்குப் பரிந்துரைத்தனர். முன்கையை மேசையில் வைத்து, விளிம்புக்கு வெளியே எடையைப் பிடித்த கையை மெல்ல இறக்கி, மற்றக் கையால் தூக்கிவிடுவது இதன் எளிய வடிவம். பின்லாந்தில் பியெனிமாகி குழு 1996இல் படிப்படியான வலுப்பயிற்சியை அல்ட்ராசவுண்டோடு ஒப்பிட்டது. மாற்றம் இந்தப் பத்தாண்டு இடைவெளியில் எங்கோ நிகழ்ந்திருக்க வேண்டும். ஒரே நாளில் எல்லா மருத்துவமனைகளிலும் அது நிகழவில்லை.

சிகிச்சையாளரின் கை முழுதாக விலகிவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. பிஸ்ஸெட் குழு 2006இல் பிரிஸ்பேனில் 198 பேரிடம் செய்த சோதனையில், இயன்முறைப் பிரிவினருக்குப் பயிற்சியோடு அசைவுடன் கூடிய மூட்டுக் கையாளலும் சேர்ந்தே கொடுக்கப்பட்டது. ஊசிப் பிரிவில் முதலில் தேறியவர்களில் 72 விழுக்காட்டினருக்கு வலி திரும்பியது. ஓராண்டு முடிவிலோ, இயன்முறைக்கும் காத்திருப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை.