அரியலூர் வட்டாரப் பெண்பிள்ளைகளின் விடுதிக் கல்வி

கிராமத்துக் குடும்பங்கள் தங்கள் பெண்பிள்ளைகளை விடுதியில் தங்க வைத்துப் படிக்க வைப்பது அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் பரவலாக உள்ள வழக்கம். அரசு நலத்துறை விடுதிகள், கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா எனப்படும் உண்டு உறைவிடப் பள்ளிகள், கிறித்தவ சபைகளும் தனியாரும் நடத்தும் விடுதிகள் எனப் பல வகை இதில் உண்டு. ஊர்ப் பேச்சில் எல்லாமே ‘ஆஸ்டல்’தான்.

கலியுக வரதராசப் பெருமாள் கோயிலால் பெயர் பெற்ற கல்லங்குறிச்சி, அரியலூர் நகரிலிருந்து சுமார் 5 கி.மீ. தொலைவில் இருக்கிறது. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளில் சேர, வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே 8 கி.மீ.க்கு மேல் தூரம் இருக்க வேண்டும் என்பது விதி. மாணவியருக்கு இந்தத் தூர விதி பொருந்தாது. ஆகவே இந்த ஊர்ப் பையனுக்கு நகரத்து விடுதியில் இடம் கிடைக்காது. அவன் தங்கைக்குக் கிடைக்கும். கிராமத்துப் பெண்ணின் நிலைமையை உணர்ந்து எழுதிய விதி இது. ஐந்து கிலோமீட்டரே அவள் படிப்பை நிறுத்தப் போதும்.

அரியலூர்ப் பகுதி சுண்ணாம்புக்கல் பூமி. சிமெண்ட் ஆலைகளுக்குக் கல் ஏற்றிப் போகும் லாரிகள் ஓடும் சாலையில்தான் பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்குப் போகிறார்கள். பத்தாம் வகுப்பில் மாலைச் சிறப்பு வகுப்பு வைத்தால் இருட்டிய பிறகே வீடு திரும்ப முடியும். வீட்டிலும் வேலை காத்திருக்கும்: தாய் முந்திரிக் காட்டுக்கோ நூறு நாள் வேலைக்கோ போனால் தண்ணீர் பிடிப்பதும் தம்பியைப் பார்த்துக்கொள்வதும் மூத்த பெண் தலையில் விழும். தாய் தகப்பன் திருப்பூருக்கோ சென்னைக்கோ பிழைக்கப் போய்விட்டால், ‘வயசுக்கு வந்த பிள்ளையை யாரை நம்பி விட்டுட்டுப் போறது’ என்ற கவலை வேறு. 18 வயதுக்கு முன்பே மாப்பிள்ளை பார்க்கும் பேச்சும் முற்றிலும் ஓயவில்லை. விடுதி இவை அனைத்துக்கும் ஒரே பதிலாக இருப்பதால்தான், பிள்ளையைப் பிரிய மனமில்லாத பெற்றோரும் அழைத்துப் போய்ச் சேர்க்கிறார்கள்.

தமிழ்ப் பகுதிகளில் பெண்களின் விடுதிக் கல்விக்கு நீண்ட முன்வரலாறு உண்டு. யாழ்ப்பாணத்து உடுவிலில் அமெரிக்க மிஷனரிகள் 1824-இல் பெண்களுக்கான உறைவிடப் பள்ளியைத் தொடங்கியபோது, பிள்ளையை அனுப்பப் பெற்றோர் தயங்கினார்கள். படித்து முடிக்கும் பெண்ணுக்குச் சீதனம் தருவதாக மிஷன் வாக்களிக்க வேண்டியிருந்தது. சென்னையில் சகோதரி சுப்பலட்சுமி 1912-இல் இளம் விதவைகளுக்குத் தொடங்கிய இல்லமும் இந்த வரிசையில் வருவதே.

இந்திய அரசு 2004-இல் கஸ்தூரிபா திட்டத்தைக் கொண்டுவந்தது. ஊரகப் பெண்களின் எழுத்தறிவு தேசிய சராசரிக்குக் கீழே இருந்த, ஆண் பெண் இடைவெளி மிகுந்த ஒன்றியங்கள் இதற்குத் தேர்வாயின. முதலில் 6 முதல் 8 வரை இருந்த வகுப்புகளை 2018-க்குப் பின் 12 வரை நீட்டிக்க வழி செய்யப்பட்டது. இந்த நீட்டிப்பு அவசியமானது. எட்டாவது முடித்து வீடு திரும்பும் பெண்ணை ஒன்பதாவதுக்கு அனுப்பாமல் நிறுத்திக்கொள்வது எளிது. அரியலூர் மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்போது ஆண்களில் ஏறத்தாழ 81 விழுக்காட்டினர் எழுத்தறிவு பெற்றிருக்க, பெண்களில் சுமார் 62 விழுக்காட்டினர் மட்டுமே பெற்றிருந்தார்கள்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் சேர்க்கை நடக்கும். தகப்பன் தலையில் டிரங்குப் பெட்டி. தாய் கையில் வாளி, தட்டு, டம்ளர், தேங்காயெண்ணெய், ஒரு டப்பா பருப்புப்பொடி. விடுதியின் பொறுப்பாளரை அரசு ‘காப்பாளினி’ என்று குறிப்பிடுகிறது. பிள்ளைகளுக்கு அவர் ‘வார்டன் மிஸ்’. அரசு விடுதியில் உணவும் தங்குமிடமும் இலவசம். பள்ளி மாணவருக்கான மாத உணவுப்படி 2023-இல் 1,000 ரூபாயிலிருந்து 1,400 ஆக உயர்ந்தது. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஏறக்குறைய 15 ரூபாய்தான் வருகிறது. வளரும் பிள்ளைக்கு இது போதாது. நலத்துறை விடுதிகளுக்கு 2025-இல் ‘சமூகநீதி விடுதி’ என்று பெயர் சூட்டப்பட்டது.

சேர்த்துவிட்டால் பொறுப்பு முடிந்தது என்று எண்ணுவது ஆபத்து. 2022 ஜனவரியில், தஞ்சை மாவட்ட விடுதி ஒன்றில் தங்கிப் படித்த அரியலூர் மாவட்ட மாணவி ஒருவர் இறந்தார்; அந்த வழக்கு சிபிஐ விசாரணைக்குப் போனது. பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகளை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் 2014-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. உரிமம் இல்லாமல் விடுதி நடத்தக் கூடாது. சட்டம் காப்பது ஒரு பக்கம் இருக்க, ஒரே காப்பாளினி இரண்டு விடுதிகளைக் கூடுதல் பொறுப்பாகச் சுமக்கும் நிலை தொடரும்வரை இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யாரை எழுப்புவது என்ற கேள்வியும் தொடரும்.

பெண்ணைச் சேர்க்கப் போகும் பெற்றோரே, உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். குளியலறைக்குத் தாழ்ப்பாளும் தண்ணீரும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரவில் காப்பாளினி அங்கேயே தங்குகிறாரா என்று விசாரியுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-ஐப் பிள்ளைக்கு மனப்பாடமாகச் சொல்லிக் கொடுங்கள்.