தலைமாட்டில் நின்றவள்

மன்னன் நோயுற்றான் என்று வரலாறு எழுதுகிறது. மருத்துவர் வந்தார் என்று எழுதுகிறது. மன்னன் மாண்டான், மகன் முடி புனைந்தான் என்றும் எழுதுகிறது. அந்த மன்னனின் தலைமாட்டிலே இரவெல்லாம் விழித்திருந்து, நெற்றிக்கு ஈரத்துணி மாற்றி, கஞ்சி புகட்டி, கழிவகற்றி நின்றாளே ஒருத்தி, அவள் பெயர் என்ன? ஏட்டைப் புரட்டிப் பாருங்கள், இராது. 1854-இல் கிரிமியப் போர் வீரர்களுக்குப் பணிவிடை புரியச் சென்ற பிளாரன்ஸ் நைட்டிங்கேலை உலகம் அறியும். சிலை உண்டு, சிறப்பு உண்டு. வீட்டுக்குள்ளே, வெளிச்சம் குன்றிய கூடத்திலே, பத்தாண்டும் பதினைந்தாண்டும் அதே பணியைச் செய்து முடிப்பவளுக்கு என்ன உண்டு? "பாவம், நல்ல பெண்" என்ற இரண்டு சொற்கள்! அதுவும் அவள் களைத்து ஒரு நாள் முகம் சுளிக்காதவரையில்தான்.

தோழர்களே! முகம் சுளிக்கும் அந்த நாளைப் பற்றித்தான் பேசவேண்டும். நோயாளியின் வேதனைக்கு ஒரு வரலாறு இருப்பதைப்போல, நோயாளியைக் காப்பவரின் வேதனைக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அதன் ஏடுகள் சில, நம் வடசென்னையிலேயே கிடைக்கின்றன.

ராயபுரத்தையடுத்த ஸ்டான்லி மருத்துவமனையை முதியோர் இன்றும் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1782-இல் பஞ்சம் சென்னையை வாட்டியபோது, பசித்தோருக்குக் கஞ்சி வார்க்க எழுந்தது மணியக்காரர் சத்திரம். பசித்து வந்தவர்கள் பிணியோடும் வந்தனர். எனவே சத்திரத்தின் துணையாக மருத்துவமனை வளர்ந்தது. 1938-இல் அங்கே ஆளுநர் ஸ்டான்லியின் பெயரால் மருத்துவக் கல்லூரி கண்டனர். கஞ்சிக் கலயத்திலிருந்து கல்லூரிவரை வளர்ந்த கதை, கேட்க இனிமையானது. நோயாளிக்குக் கட்டில் வந்தது, மருந்து வந்தது, மருத்துவர் வந்தார். உடன் வந்தவருக்கு? தாழ்வாரம் இருந்தது. பாயை விரித்துப் படுக்கலாம், காவலர் எழுப்பும்வரை!

உடல் நோய்க்கு இது ஏற்பாடு. மனநோய்க்கோ சுவரை எழுப்பினர். 1794-இல் வாலண்டைன் கானலி என்ற மருத்துவர் சென்னையிலே மனநோயாளிகளுக்கென ஒரு விடுதி தொடங்கினார். 1871-இல் கீழ்ப்பாக்கத்திலே பெரிய மனநோய் இல்லம் எழுந்தது. "கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பிவிடு" என்று கேலி பேசுகிறோமே, அந்த இல்லம்தான். அன்றைய ஆட்சியாளர்கள் அறிந்தவை இரண்டே வழிகள். ஒன்று, சுவருக்குள்ளே நோயாளி, சுவருக்கு வெளியே குடும்பம். மற்றொன்று, நோயாளியும் குடும்பமும் வீட்டுக்குள்ளே, கதவைச் சாத்திக்கொண்டு, ஊராரின் கண்ணுக்கு அஞ்சி, உதவிக்கு எவருமின்றி! பிரிவு ஒருபுறம், பெருஞ்சுமை மறுபுறம். இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு பாதை உண்டு என்று எண்ணிப் பார்க்க நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாயின.

அந்தப் பாதைக்கு முதலடி எடுத்து வைத்தவர்களில் ஒருவர், பஞ்சாபின் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனைத் தலைவர் வித்யாசாகர். 1950-களில் அவர் ஒரு புதுமை செய்தார். மருத்துவமனை வளாகத்திலே கூடாரங்கள் அடித்தார். நோயாளியின் தாயை, தந்தையை, மனைவியை அழைத்து வந்து தங்க வைத்தார். நோய் இன்னது, மருந்து இன்னது, கோபம் வந்தால் எப்படிப் பேசுவது, அமைதி வந்தால் எப்படிப் பழகுவது என்று குடும்பத்தாருக்கே பாடம் நடத்தினார். பேயென்றும் பில்லியென்றும் அஞ்சி நடுங்கியவர்கள், நோயென்று தெளிந்தனர். கூடாரத்திலே இன்னொரு நன்மையும் விளைந்தது. ஒருத்தியின் கதையை இன்னொருத்தி கேட்டாள். "உன் வீட்டிலுமா?" என்றாள். அந்தக் கேள்வியிலே பாதிச் சுமை இறங்கியது!

நம் தமிழகத்திலேயும் 1957-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் அமைந்தபோது, உறவினர் ஒருவர் நோயாளியுடன் தங்கியிருந்தே மருத்துவம் நடைபெறும் முறையை மேற்கொண்டனர். சுவர் சற்றே தாழ்ந்தது.

அதே காலத்தில் மருந்தும் வந்தது. 1952-இல் பிரான்சு நாட்டிலே குளோர்புரோமசின் என்ற மருந்து மனநோய்க்குப் பயன் தருவதைக் கண்டனர். ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தவர்கள் வீடு திரும்பலாம் என்ற நிலை பிறந்தது. பெரும் வெற்றிதான், மறுப்பாரில்லை. ஆனால் கணக்கின் மறுபக்கத்தைப் பார்க்கவேண்டாமா? மருத்துவமனையிலே காலைக்கு ஒருவர், மாலைக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் என முறைவைத்துச் செய்த வேலையை, வீட்டிலே ஒரே ஒருத்தி செய்யவேண்டியதாயிற்று. அவளுக்கு ஷிப்டு இல்லை, வாரவிடுமுறை இல்லை, ஓய்வூதியமும் இல்லை. இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியிலே கிராட், செயின்ஸ்பரி என்ற இரு ஆய்வாளர்கள், மனநோயாளியை வீட்டில் வைத்துக் காக்கும் குடும்பங்களின் சுமையை ஆராய்ந்து 1963-இல் அறிக்கை வெளியிட்டனர். நோயைக் காப்பவரும் நோயுறுகின்றனர் என்ற உண்மை அப்போதுதான் மருத்துவ ஏட்டிலே ஏறத் தொடங்கிற்று. வீடுதோறும் அறிந்த உண்மை, ஏட்டிலே ஏற இத்தனை காலம்!

ஏட்டிலே ஏறாத உண்மை என்ன செய்யும்? எரியும். 2001 ஆகஸ்டு 6, விடியற்காலை. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியிலே மனநோயாளிகளை வைத்திருந்த தனியார் விடுதியொன்றில் தீப்பிடித்தது. ஓட முடியவில்லை அவர்களால், சங்கிலியால் பிணைத்திருந்தார்கள். 28 உயிர்கள் பலியாயின. நாடு பதறியது; நீதிமன்றம் தலையிட்டது. "பெற்ற பிள்ளையைக் கொண்டுபோய்ச் சங்கிலியில் விட்டார்களே, இவர்களும் மனிதரா?" என்று கேட்டவர் பலர். அந்தக் கேள்வியைக் கேட்பது எளிது. மருத்துவமனை தொலைவில், மருந்துக்குப் பணமில்லை, பேய் பிடித்தது என்று சொல்ல ஆளுண்டு, நோய் இது என்று சொல்ல ஆளில்லை. கூலிக்குப் போனால்தான் அடுப்பெரியும், கூலிக்குப் போனால் பிள்ளையைப் பார்ப்பவர் இல்லை. இந்த நிலையிலே ஒரு தாய் எத்தனை ஆண்டு தாங்குவாள்? தாங்கும் சக்தி தீர்ந்த இடத்திலே மூடநம்பிக்கை கடை விரித்தது. சங்கிலியைப் பூட்டியவன் குற்றவாளிதான். அந்த வாசல்வரை அந்தத் தாயைத் தள்ளிச் சென்ற தனிமைக்கு யார் பொறுப்பு? 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், எந்த வடிவிலும் நோயாளியைச் சங்கிலியிடக் கூடாது என்று தடுக்கிறது. நோயாளியின் குடும்பத்துக்குத் துணை நிற்கும் சேவைகளும் வேண்டும் என்று கூறுகிறது. முதற்பகுதி ஊரறிந்தது. இரண்டாம் பகுதியை எத்தனை பேர் படித்தோம்?

சென்னையில் இதற்கு வழிகாட்டியவர்கள் உண்டு. 1961-இல் கீழ்ப்பாக்கம் மனநோய் மருத்துவமனைக்குத் தலைமையேற்றவர் மருத்துவர் சாரதா மேனன் என்ற பெண்மணி. ஓய்வுக்குப் பின், 1984-இல், 'ஸ்கார்ஃப்' எனப்படும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தோற்றுவித்தார். குடும்பத்தார் தாமே கூடி 'ஆஷா' என்ற அமைப்பையும் சென்னையிலே கண்டனர். காப்பவரின் சுமையை அளந்தறிய 40 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை ஸ்கார்ஃப் ஆய்வாளர்கள் உருவாக்கி 1998-இல் வெளியிட்டனர். உன் உடல்நிலை எப்படி, உன் அன்றாட வேலை என்னாயிற்று, வெளியாரின் துணை கிட்டுகிறதா, மற்ற உறவுகள் கெட்டனவா என்று காப்பவரைப் பார்த்துக் கேட்கும் கேள்விகள். அளவுகோல் என்றால் அற்பமா? காய்ச்சலை அளக்கக் கருவி வருமுன் கையை வைத்துத்தான் பார்த்தோம். துயரத்துக்கு எண் கிடைத்த பிறகுதான் துரைத்தனம் செவி சாய்க்கும்.

செவி சாய்க்க வைத்த வரலாறு இங்கிலாந்திலே உண்டு. மேரி வெப்ஸ்டர் என்ற பெண், 1954-இல், தம் 31-ஆம் வயதிலே, முதிய பெற்றோரைக் காக்க வேலையை விட்டார். திருமணமாகாத மகள் என்றால் பெற்றோருக்குச் சொந்தம் என்பது அந்நாட்டிலும் எழுதாத சட்டம். 1963-இல் இதழ்களுக்குக் கடிதம் எழுதினார்; தம்மைப்போன்ற பெண்களிடமிருந்து மறுமொழிகள் குவிந்தன. 1965-இல் சங்கம் பிறந்தது. காப்பதற்காக வேலையை இழந்தவருக்கு 1976-இல் உதவித்தொகை வந்தது. யாருக்கு? மணமான பெண்ணுக்கு மட்டும் இல்லை! அவள் எப்படியும் வீட்டில்தானே இருப்பாள் என்றது அந்நாட்டு அரசு. தாயைக் காக்க வேலையை விட்ட ஜாக்குலின் டிரேக் என்ற பெண் வழக்காடினார். அவர் பக்கமே நியாயம் என்று 1986-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாசம் என்று பெயரிட்டுப் பறித்துக்கொண்ட உழைப்பை, உழைப்பென்று ஒப்புக்கொள்ள வைக்க 30 ஆண்டுப் போராட்டம்.

இங்கே நாம் எங்கு நிற்கிறோம்? 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டம், தொழிலாளி நோயுற்றால் ஊதியத்தில் ஒரு பங்கைத் தருகிறது. நல்ல ஏற்பாடு. அவர் தாய் பக்கவாதத்தில் விழுந்தால்? அதற்கு அதில் இடமில்லை. எண்ணூரிலும் மணலியிலும் ஆலைச்சங்கு ஊதுகிறது. இரவெல்லாம் விழித்த கண்ணோடு எந்திரத்தின் முன் நிற்கிறார். சப்பானிலே, குடும்பத்தில் ஒருவரைக் காக்க 93 நாள்வரை விடுப்பு எடுக்கச் சட்டம் வழிசெய்கிறது. அதற்கான சட்டத்தை அவர்கள் இயற்றியது 1995-இல். நம் நாட்டிலே 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 'பராமரிப்பாளர்' என்ற சொல்லுக்கு இலக்கணம் வகுத்து, ஊதியமின்றிக் காக்கும் பெற்றோரையும் குடும்பத்தாரையும் அதில் சேர்த்திருக்கிறது. 2021-இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால், படுத்த படுக்கையாய் இருப்பவரின் வாசலுக்கே செவிலியர் வருகிறார். வரவேற்போம். வந்தவர், நோயாளிக்கு இரத்த அழுத்தம் பார்த்த கையோடு, தலைமாட்டில் நிற்பவளின் கையையும் பிடித்துப் பார்க்கட்டும் என்று கேட்போம்.

சட்டம் வரும்வரை உள்ளம் காத்திராது. மாதவரத்திலே ஆசிரியப்பணி செய்பவன் நான். முதற்பாடவேளையிலேயே கண்ணயரும் மாணவியைச் சோம்பேறி என்று பிறர் சொல்லக் கேட்டு விசாரித்தால், பாட்டியை இரவில் நான்கு முறை எழுப்பிப் புரட்டிப் படுக்க வைப்பவள் அவள் என்று தெரிகிறது. அண்ணன்மார் இருவர் உண்டு, அவர்கள் தூங்குகிறார்கள். "பெண்பிள்ளைதானே பார்க்கவேண்டும்" என்கிறது வீடு. தேர்விலே அவள் தோற்றால், தோற்றது அவளா?

இத்தகையோரின் உள்ளத்திலே நடப்பதை ஒளிக்காமல் சொல்வோம். முதலில் இரக்கம். பிறகு களைப்பு. களைப்பு முற்றினால் சினம். "இது எப்போது முடியும்?" என்ற எண்ணம் ஒரு நள்ளிரவில் எட்டிப் பார்க்கும். உடனே, "அய்யோ, நானா இப்படி நினைத்தேன்!" என்ற குற்றவுணர்வு சுடும். அன்றுமுதல் அவள் யாரிடமும் பேசமாட்டாள். முற்பிறவிப் பாவம் என்று ஒருவர் சொல்வார். தெய்வப்பிறவி நீ என்று இன்னொருவர் புகழ்வார். முன்னது விலங்கென்று எளிதில் தெரியும். பின்னதும் விலங்கே, பொன்முலாம் பூசியது. தெய்வம் களைக்கலாமா? தெய்வம் அழலாமா? தெய்வம், "இன்றிரவு நீ பார்த்துக்கொள்" என்று அண்ணனிடம் சொல்லலாமா? அந்தச் சினம் பாவத்தின் குரலல்ல, உறங்காத உடலின் குரல். பட்டினி கிடந்தவன் பசிக்கிறது என்பதைப் பாவம் என்போமா?

இளைஞர்களே! உங்களால் ஆகக்கூடியவை உண்டு. உங்கள் வீட்டிலேயே தொடங்குங்கள். வாரத்தில் இரண்டு இரவுகள் தலைமாடு உங்களுடையதாகட்டும். ஆண்மகன் கழிவுத்துணி துவைத்தால் ஆண்மை கரைந்துவிடாது. தெருவில் ஒரு வீட்டில் நெடுநாள் நோயாளி இருந்தால், பழம் வாங்கிக்கொண்டு போய் நோயாளியை விசாரித்துத் திரும்பிவிடாதீர்கள். அருகில் இருப்பவரிடம், "நீங்கள் தூங்கினீர்களா? சாப்பிட்டீர்களா?" என்று கேளுங்கள். இரண்டு மணி நேரம் நான் உட்காருகிறேன், நீங்கள் வெளியே சென்று வாருங்கள் என்று சொல்லுங்கள். ஸ்டான்லியிலே மருந்துக்கு நிற்கும் வரிசையில் அவருக்குப் பதில் நில்லுங்கள். படிப்பகத்திலே மாதம் ஒரு மாலையை இத்தகையோர் கூடிப் பேச ஒதுக்குங்கள். அமிர்தசரஸ் கூடாரத்திலே நிகழ்ந்தது மாதவரத்திலும் நிகழும். காப்பவருக்கு உறக்கம் அறவே கெட்டால், உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்ற எண்ணம் தலைதூக்கினால், தாமதியாது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 2022-இல் தொடங்கிய 'டெலி மானஸ்' தொலைபேசிச் சேவை 14416 என்ற எண்ணில் தமிழிலேயே செவிமடுக்கிறது. தொழிற்சங்கத் தோழர்கள், போனஸ் கேட்கும் கோரிக்கைத் தாளிலே, குடும்பத்தில் நோயுற்றோரைக் காக்க விடுப்பு என்ற ஒரு வரியையும் சேர்க்கட்டும்.

கஞ்சித்தொட்டி வைத்துப் பசி தீர்த்த ஊர் இது. பசியை ஊரின் கடமையாகக் கண்ட கண், களைப்பையும் ஊரின் கடமையாகக் காணட்டும். ஒரு நோயாளியைக் காக்க ஒரு வாழ்க்கை தேய்ந்தாக வேண்டும் என்று எந்த இயற்கை விதியும் இல்லை. பங்கிட்டால் குறையும் சுமை இது. பங்கிட மறுக்கும் கைகளுக்குத்தான் இனி வரலாறு பெயர் கேட்கவேண்டும்.